ஹரால்டு வாக்ஸ்டாஃப்: 13 பேர் ரக்பி பெற்றெடுத்த முதல் பெரிய கேப்டன் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

யார் இந்த ஹரால்டு வாக்ஸ்டாஃப்?

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் ஹோம்ஃபர்த் என்ற நெசவாலை ஊரை ஒட்டிய அண்டர்பேங்கில் 1891 மே 19 அன்று பிறந்தவர். 15 வயதில் ஹடர்ஸ்ஃபீல்டு அணிக்காகக் காசு வாங்கி ஆடத் தொடங்கி, 17 வயதில் இங்கிலாந்துக்கு ஆடி, 20 வயதில் தன் கிளப்புக்கும் 23 வயதில் நாட்டுக்கும் கேப்டன் ஆனவர். 'சென்டர்களின் இளவரசர்' என்பது அவருக்கு நிலைத்துவிட்ட பட்டம் (சென்டர் என்பது களத்தில் அவர் ஆடிய இடம்).

இந்தப் பக்கத்துக்கு அவரைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. ரக்பி லீக் 13 பேர் ஆட்டமாக மாறிய அதே பருவத்தில்தான் அவர் முதல் போட்டியில் இறங்கினார். அவருக்கு முன் வந்த பெரிய ஆட்டக்காரர்கள் 15 பேர் ஆட்டத்தில் ஊறியபின் புது விதிக்குப் பழகிக்கொண்டவர்கள். வாக்ஸ்டாஃபின் தொழில் வாழ்க்கையோ முதல் நாளிலிருந்து புது விதிக்குள்ளேயே ஓடியது. அந்த விதி எதைச் சாத்தியமாக்கியது என்பதை அவர் ஆட்டத்தை வைத்துப் புரிந்துகொள்வது எளிது.

ரக்பி லீக், ரக்பி யூனியன் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஒரே வேரில் கிளைத்து 1895இல் பிரிந்த இரண்டு ஆட்டங்கள். யூனியனில் அணிக்கு 15 பேர், லீக்கில் 13 பேர். இரண்டிலும் முட்டை வடிவப் பந்துதான், கையால் முன்னோக்கி எறியக் கூடாது என்ற விதியும் இரண்டுக்கும் பொது. ஆனால் பந்தோடு ஓடுபவர் பிடிபட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதில் இரண்டும் அடியோடு வேறு. பொதுவாக 'ரக்பி' என்று மட்டும் சொன்னால் பெரும்பாலோர் யூனியனையே நினைக்கிறார்கள். அதனால் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிப் படிக்கும்போது அவர் எந்தப் பக்கம் ஆடினார் என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிரிவு எதனால் வந்தது?

சனிக்கிழமைக் கூலியால்.

வட இங்கிலாந்தில் ரக்பி ஆடியவர்களில் பெரும்பாலோர் சுரங்கத்திலும் நெசவாலையிலும் வார்ப்பட்டறையிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமையும் அவர்களுக்கு வேலை நாள். மதியம் வெளியூரில் ஆட்டம் என்றால் காலை வேலையை விட வேண்டும், அன்றைய கூலி போய்விடும். தெற்கே ஆடியவர்களில் பலர் வசதியான பள்ளிகளில் படித்து வந்தவர்கள், ஒரு நாள் சம்பளம் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. இழந்த கூலியை மட்டும் கிளப் ஈடுசெய்யட்டும் என்று வடக்குக் கிளப்புகள் கேட்டன. ஆடுவதற்குச் சம்பளம் தரும்படி அவை அப்போது கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1893 செப்டம்பரில் லண்டனில் நடந்த ரக்பி யூனியன் பொதுக்கூட்டத்தில் இந்தக் கோரிக்கை 282க்கு 136 என்ற வாக்கில் தோற்றது.

இரண்டு ஆண்டு கழித்து, 1895 ஆகஸ்ட் 29 அன்று, ஹடர்ஸ்ஃபீல்டு ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள ஜார்ஜ் ஹோட்டலில் வடக்குக் கிளப்புகள் கூடி 'நார்தர்ன் யூனியன்' என்ற தனி அமைப்பைத் தொடங்கின. 1922இல்தான் அது 'ரக்பி ஃபுட்பால் லீக்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆகவே வாக்ஸ்டாஃபின் ஆட்ட வாழ்வில் பெரும்பகுதி 'நார்தர்ன் யூனியன்' என்ற பெயரில்தான் ஓடியது.

பிரிந்த அன்றே எல்லோரும் தொழில்முறை வீரர்கள் ஆகிவிட்டார்களா?

இல்லை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். படிப்படியாக நடந்த மாற்றம் அது.

1895இல் அனுமதித்தது கூலி இழப்பீடு மட்டும், அதுவும் நாளொன்றுக்கு 6 ஷில்லிங் வரை. 1898இல் வெளிப்படையாகப் பணம் தரலாம் என்று ஏற்றார்கள். ஆனால் கடுமையான நிபந்தனையோடு: ஆட்டக்காரருக்கு நிரந்தரமான வேறு வேலை இருந்தாக வேண்டும். வேலை இல்லாதவர் ஆட முடியாது. மதுக்கடையில் பரிமாறுவது போன்ற வேலைகள் கணக்கில் சேராது. கிளப்புக்கு வேண்டியவர்கள் பெயருக்கு ஒரு வேலை கொடுத்து ஆளைச் சேர்த்துக்கொள்வதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

நடைமுறையில் அது ஆட்டக்காரனையே அதிகம் வதைத்தது. ஆலை மூடினாலோ முதலாளி வெளியே அனுப்பினாலோ வேலைக் கூலியும் போகும், ஆட்டக் கூலியும் போகும். யாருக்குப் பணம் மிக அவசரமாகத் தேவையோ அவருக்கே அது கிடைக்காமல் போயிற்று. 1905இல் அந்த விதியை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு வாக்ஸ்டாஃப் வந்து சேர்ந்தார்.

15 வயதுப் பையனை எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள்?

உள்ளூரில் அவர் ஆடிய அணி அண்டர்பேங்க் ரேஞ்சர்ஸ். அங்கே அவர் ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஹடர்ஸ்ஃபீல்டு கிளப் அழைத்தது. குறைந்தபட்ச வயது என்ற கட்டுப்பாடு இல்லாத காலம். ஆலைக்கு அனுப்பும் வயது வந்தால் களத்துக்கும் அனுப்பலாம் என்பதே அன்றைய வழக்கம்.

முதல் போட்டி 1906 நவம்பர் 10, சனிக்கிழமை, பிராம்லி அணிக்கு எதிராக. அன்று அவருக்கு 15 வயதும் 175 நாளும். எதிரே நின்றவர்கள் முழு வளர்ச்சி அடைந்த, உடலுழைப்பில் இறுகிய ஆண்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத்துக்கு 5 தங்கக் காசு வாங்கினாராமே, அது எவ்வளவு?

ஆம், 5 சவரன். தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. நகைக்கடையில் 8 கிராமை 'ஒரு சவரன்' என்கிறோமே, அந்தச் சொல்லே பிரிட்டனின் இந்தத் தங்கக் காசின் பெயரிலிருந்து வந்ததுதான். ஒரு காசின் எடை 7.98 கிராம், 22 காரட். முகமதிப்பு 1 பவுண்டு, அதாவது 20 ஷில்லிங். (நாம் 'பவுன்' என்று சொல்வதன் மூலமும் இங்கேதான்.)

5 சவரன் என்றால் 100 ஷில்லிங். ஒரு நாள் இழப்பீட்டின் உச்சவரம்பாக முன்பு வைத்திருந்த 6 ஷில்லிங்கோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 17 நாள் கூலி. ஒரு உழைப்பாளிக் குடும்பத்துக்கு நல்ல தொகைதான், வாழ்க்கையை மாற்றும் தொகை அல்ல. இன்றைய தங்க விலையில் பெருக்கிப் பார்த்து 'லட்சக்கணக்கில் வாங்கினார்' என்று எழுதுவது தவறான ஒப்பீடு. தங்க விலையும் கூலியும் ஒரே வேகத்தில் ஏறவில்லை.

1906 விதி மாற்றத்தில் அப்படி என்ன இருக்கிறது?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ரக்பியில் பந்தோடு ஓடுபவரைக் கபடியில் பாடி வந்தவரை மடக்குவது போலக் கட்டிப் பிடித்து நிறுத்துகிறார்கள். கேள்வி, பிடித்த பிறகு ஆட்டத்தை எப்படித் தொடர்வது? பழைய முறையில் அதற்கு விடை பெரும்பாலும் 'ஸ்க்ரம்'. இரு அணியின் ஃபார்வர்டுகளும் (முன்னணியில் நின்று மோதும் பலசாலிகள்) தோளோடு தோள் முட்டிக் குனிந்து நிற்க, நடுவே பந்தைப் போட்டுக் காலால் வெளியே எடுக்கும் முறை. ஆட்டம் முழுக்க இதுவே திரும்பத் திரும்ப நடந்தது. பார்ப்பவர்களுக்குக் குனிந்த முதுகுகள்தான் தெரிந்தன, பந்து தெரியவில்லை. டிக்கெட் வருமானத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பணம் தர வேண்டிய கிளப்புகளுக்கு இது வயிற்றுப் பிரச்சினை.

நார்தர்ன் யூனியன் பிரிந்தது முதலே சட்டங்களைச் சீர்திருத்தி வந்தது. 1897இல் லைன் அவுட்டை (பந்து பக்கக்கோட்டைத் தாண்டினால் இரு அணியும் வரிசையாக நின்று, உள்ளே எறியப்படும் பந்துக்குப் போட்டியிடும் முறை) நீக்கினார்கள், எல்லா வகைக் கோலுக்கும், அதாவது கம்பங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பத்துக்கு மேலாகப் பந்தை உதைப்பதற்கு, 2 புள்ளி என்று ஆக்கினார்கள். ட்ரைக்கு, அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால், 3 புள்ளி. உதைப்பதைவிட ஓடுவதற்கு மதிப்பு கூடியது.

1906இல் இரண்டு பெரிய மாற்றங்கள். ஒன்று, 15 பேர் 13 ஆனார்கள். குறைத்தது ஃபார்வர்டுகளில்தான்: 6 ஃபார்வர்டு, அவர்களுக்குப் பின் நின்று பந்தைப் பங்கிடும் 2 ஹாஃப், 2 சென்டர், ஓரங்களில் ஓடும் 2 விங்கர், கடைசிக் காவலாக 1 ஃபுல் பேக். இரண்டு பேர் வெளியேறியதும் களத்தில் இடைவெளி பிறந்தது. இரண்டாவது, பிடிபட்டவர் எழுந்து நின்று, பந்தைத் தன் காலருகே தரையில் வைத்து, காலால் பின்னே தள்ளி ஆட்டத்தைத் தொடரலாம் என்ற விதி. இதனால் பிடிபட்டும் பந்து உங்கள் அணியிடமே தங்க வழி ஏற்பட்டது.

இன்றைக்கு 6 முறை பிடிபட்டால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். அன்று எண்ணிக்கை வரம்பே இல்லை. பந்தைப் பத்திரமாக வைத்திருக்கத் தெரிந்த அணி எவ்வளவு நேரமும் வைத்திருக்கலாம். இந்த வாய்ப்பை யார் சரியாகப் படிக்கிறார்களோ அவர்கள் வெல்வார்கள் என்ற நிலை. ஹடர்ஸ்ஃபீல்டு அதைப் படித்தது.

சென்டரின் வேலை என்ன? இவர் எதில் மற்றவர்களைவிடச் சிறந்தவர்?

ஹாஃப்களிடமிருந்து வரும் பந்தை வாங்கி, எதிரணியின் தடுப்பில் ஓர் ஓட்டை உண்டாக்கி, ஓரத்தில் நிற்கும் விங்கருக்கு ஓட இடம் அமைத்துக் கொடுப்பது சென்டரின் வேலை. ட்ரை போடுவது பெரும்பாலும் விங்கர், அதைத் தயாரித்துக் கொடுப்பவர் சென்டர். பந்தைச் சற்று முன்னதாகக் கொடுத்தால் தடுப்பாளர் நேராக விங்கரிடம் நகர்ந்துவிடுவார். சற்றுத் தாமதமானால் சென்டரே பந்தோடு விழுவார். தடுப்பாளர் தன் எடையை எந்தக் காலில் ஊன்றுகிறார் என்று பார்த்து, அவர் சென்டர் பக்கம் உறுதியாகத் திரும்பிய பின் பந்தை விடுவதில்தான் கலை இருக்கிறது. வாக்ஸ்டாஃப் அதில் தேர்ந்தவர். அவருக்கு வெளியே விங்கில் ஓடிய ஸ்டான்லி மூர்ஹவுஸும் அவரும் அந்தக் காலத்தின் மிகப் பேசப்பட்ட ஜோடி.

தேவையில்லாமல் பந்தை உதைத்துக் கொடுக்காமல், கை மாற்றி மாற்றி முன்னேறுவது அவர் தலைமையில் ஹடர்ஸ்ஃபீல்டின் வழி. அதோடு 'விஞ்ஞான முறைத் தடுப்பு' என்று பெயர் பெற்ற ஓர் உத்தியும் உண்டு. பந்தைக் கொடுத்தவர் கொடுத்ததும் நின்றுவிட மாட்டார். ஓட்டத்தைத் தொடர்ந்து, பந்து வாங்கியவரைத் துரத்த வரும் எதிராளியின் பாதையில் தற்செயலாகக் குறுக்கிடுவது போல ஓடுவார். கையை நீட்டினாலோ திசை மாற்றி முட்டினாலோ குற்றம். தன் நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருந்தால் நடுவரால் எதுவும் சொல்ல முடியாது. எதிரணிகள் புலம்பின, ஆனால் ஆறேழு அடிதான் அதில் கிடைக்கும் லாபம். அந்த ஆறேழு அடியைப் பயன்படுத்திக்கொள்ளும் ஓட்டக்காரர்கள் பக்கத்தில் இருந்ததால்தான் உத்தி பலித்தது.

'எல்லாத் திறமைகளும் கூடிய அணி' என்பது எது?

1911 முதல் போர் வரையிலான ஹடர்ஸ்ஃபீல்டு. வாக்ஸ்டாஃப் 1911இல் கேப்டன் ஆனார். உள்ளூர்க்காரர்களோடு வெளியிலிருந்தும் ஆள் எடுத்த அணி அது. ஆஸ்திரேலியாவிலிருந்து விங்கர் ஆல்பர்ட் ரோசன்ஃபெல்டும் டாமி கிளீசனும், நியூசிலாந்திலிருந்து எட்கர் ரிக்லி, வேல்ஸிலிருந்து ஹாஃப் ஜானி ராஜர்ஸும் கோல் உதைப்பதில் மன்னரான ஃபார்வர்டு பென் க்ரோனோவும், கம்பர்லாந்திலிருந்து மல்யுத்த வீரரும் நிலக்கரி வியாபாரியுமான டக்ளஸ் கிளார்க், ஃபுல் பேக்காக மேஜர் ஹாலண்ட். மேஜர் என்பது அவர் பெயர், ராணுவப் பதவி அல்ல. சில கட்டுரைகளில் அவரைப் படை அதிகாரி என்று எழுதியிருப்பது இதனால் வந்த குழப்பம்.

ரோசன்ஃபெல்டு 1913-14 பருவத்தில் 80 ட்ரை போட்டார். ஒரு பருவத்துக்கான அந்தச் சாதனையை நூறு ஆண்டுக்கு மேலாகியும் யாரும் தாண்டவில்லை.

'நான்கு கோப்பை' என்றால் எவை?

ஒரே பருவத்தில் கவுன்டி கோப்பை, கவுன்டி லீக் (கவுன்டி என்பது யார்க்ஷயர் போன்ற மாவட்டம்), எல்லா மாவட்ட அணிகளும் மோதும் சாலஞ்ச் கோப்பை, சாம்பியன்ஷிப் நான்கையும் வெல்வது. வரலாற்றிலேயே மூன்று அணிகள்தான் செய்தன: 1907-08இல் ஹன்ஸ்லெட், 1914-15இல் ஹடர்ஸ்ஃபீல்டு, 1927-28இல் ஸ்விண்டன்.

ஹடர்ஸ்ஃபீல்டு வென்ற விதம் தனி. யார்க்ஷயர் கோப்பை இறுதியில் ஹல் அணியை 31-0, சாம்பியன்ஷிப் இறுதியில் லீட்ஸை 35-2, சாலஞ்ச் கோப்பை இறுதியில் செயின்ட் ஹெலன்ஸை 37-3. மூன்று இறுதிப் போட்டிகளையும் கூட்டினால் 103க்கு 5. எதிரணிகள் மூன்றும் சேர்ந்து ஒரே ஒரு ட்ரை.

இரண்டாம் முறையும் நெருங்கினார்கள். 1919-20இல் மூன்று கோப்பை கையில் இருந்தது. சாம்பியன்ஷிப் இறுதிக்கு முன் வாக்ஸ்டாஃப், கிளார்க், க்ரோனோ, ராஜர்ஸ் உள்ளிட்ட ஐவர் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். ஹல் 3-2 என்று வென்றது. ஒரு புள்ளி வித்தியாசம்.

இப்படி ஆடியவர்களுக்கு எவ்வளவு பணம் கிடைத்தது?

அணி மாறும்போது ஒரு கிளப் மற்றொரு கிளப்புக்குக் கொடுத்த தொகைகள் பதிவாகியிருக்கின்றன, சந்தை எப்படி ஏறியது என்று அவை காட்டும். 1901இல் ஜிம் லோமாஸ் பிராம்லியிலிருந்து சால்ஃபர்டு போனபோது 100 பவுண்டு, அதுவே முதல் மூன்று இலக்கத் தொகை. 1911இல் அவரே ஓல்டமுக்குப் போனபோது 300. 1913இல் பில்லி பேட்டன் ஹன்ஸ்லெட்டிலிருந்து ஹல்லுக்கு 600. 1921இல் ஹரால்டு பக் லீட்ஸுக்கு 1,000.

இதில் கவனிக்க வேண்டியது, இது கிளப்பிடமிருந்து கிளப்புக்குப் போகும் பணம். ஆட்டக்காரர் கையில் வருவது ஒப்பந்தத் தொகையும், போட்டிக்குப் போட்டி கூலியும், வென்றால் போனஸும். காயம்பட்டு உட்கார்ந்தால் போட்டிக் கூலி நின்றுவிடும். ஆகவே பெரும்பாலோர் வாரநாளில் வேறு வேலை பார்த்தார்கள். அதிலும் உடலுழைப்பு வேலை என்றால் திங்கட்கிழமை வலியோடு வேலைக்குப் போக வேண்டும். வாக்ஸ்டாஃபை 5 சவரனுக்குப் பெற்ற ஹடர்ஸ்ஃபீல்டு, ஏறத்தாழ 19 ஆண்டு வேறு எங்கும் அனுப்பாமல் வைத்துக்கொண்டது. அந்த விளையாட்டின் வரலாற்றில் இதைவிட மலிவான பெரிய கொள்முதல் இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

1914 சிட்னி டெஸ்டை ஏன் ஒரு போரின் பெயரால் அழைக்கிறார்கள்?

1879இல் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்டில் ஒரு சிறு பிரிட்டிஷ் படை பெரும் ஜூலு படையைத் தாக்குப்பிடித்தது. அதை வைத்து 'ரோர்க்ஸ் டிரிஃப்ட் டெஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள்.

பின்னணி இது. வாக்ஸ்டாஃப் தலைமையில் போன பிரிட்டிஷ் அணி முதல் டெஸ்டை ஜூன் 27 அன்று 23-5 என்று வென்றது. இரண்டே நாளில், ஜூன் 29 அன்று, இரண்டாம் டெஸ்டை 12-7 என்று தோற்றது. மூன்றாவதைப் பின்னர் மெல்போர்னில் ஆடுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் சிட்னியில் கூட்டம் குவிவதைக் கண்ட உள்ளூர் நிர்வாகம் ஜூலை 4க்கே முன்தள்ளியது. 8 நாளில் மூன்று டெஸ்ட். முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் காயத்தில். மேலாளர் எதிர்த்தார். இங்கிலாந்திலிருந்து, ஆடத்தான் வேண்டும் என்று தந்தி வந்தது.

சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே விங்கர் ஃபிராங்க் வில்லியம்ஸின் கால் காயப்பட்டது. டக்ளஸ் கிளார்க்கின் கட்டைவிரல் முறிந்தது. கட்டுப்போட்டு ஆடினார். பிறகு காறையெலும்பும் முறிந்தது. ஆனாலும் இடைவேளைக்கு பிரிட்டன் 9-0 என்று முன்னணி: லீட்ஸின் வில்லி டேவிஸ் ஒரு ட்ரை, மீதி ஓல்டமின் ஆல்ஃப் வுட் உதைத்த கோல்கள். இடைவேளைக்குப் பின் வில்லியம்ஸால் தொடர முடியவில்லை, கிளார்க்கும் வெளியேறினார். அடுத்து பில்லி ஹால் தலையில் அடிபட்டு நினைவிழந்தார். 13 பேருக்கு எதிராக 10 பேர், ஏறக்குறைய அரை மணி நேரம்.

10 பேரை வைத்து எப்படித் தாக்குப்பிடித்தார்கள்?

ஆள் குறைந்தால் முதலில் உடைவது ஓரம். நடுவில் அடைக்க அடைக்க விங் திறந்துகொள்ளும், ஓரத்துக்கு ஆள் அனுப்பினால் ஸ்க்ரம்மில் எடை குறையும். வில்லியம்ஸின் இடத்துக்கு வாக்ஸ்டாஃப் அனுப்பியது விட்னெஸ் அணியின் ஃபார்வர்டு சிக் ஜான்சனை. மற்றவர்கள் பிடித்த கையோடு எழுந்து அடுத்த ஆளைப் பிடிக்க வேண்டும். ஒருவர் தவறினால் பின்னால் காப்பாற்ற யாரும் இல்லை.

அந்த நிலையில் வெறும் தடுப்பாட்டம் ஆடினால் உடல் தளர்ந்து கடைசியில் உடைந்துவிடும். பந்து எதிரணியிடம் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் 10 பேருக்கு ஓட்டம் கூடுதல். வாய்ப்பு கிடைத்ததும் வாக்ஸ்டாஃப் தடுப்பை உடைத்து ஓடி, பந்தை ஜான்சனிடம் கொடுத்தார். வேகம் இல்லாத ஃபார்வர்டான ஜான்சன் பந்தைக் கீழே போட்டு, கால்பந்தாட்டக்காரர் போலக் காலாலேயே உருட்டிக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டி விழுந்து ட்ரை போட்டார். ட்ரைக்குப் பின் கிடைக்கும் உதையில் வுட் அதையும் கோலாக்கினார். 14-0.

கடைசிப் பகுதியில் ஆஸ்திரேலியா இரண்டு ட்ரை போட்டது. ஒன்று கேப்டன் சிட் டீன், மற்றொன்று வாலி மெசஞ்சர். ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் முதல் நட்சத்திரமும் முந்தைய ஆண்டு ஓய்வு பெற்றவருமான டாலி மெசஞ்சரின் தம்பி இவர். இரண்டையும் கோலாக்க முடியவில்லை. முடிவு 14-6, தொடர் பிரிட்டனுக்கு.

மாற்று ஆட்டக்காரரை ஏன் இறக்கவில்லை?

அன்று விதியில் மாற்று ஆட்டக்காரரே கிடையாது. பிரிட்டனில் 1964இல்தான் அனுமதித்தார்கள், அதுவும் முதலில் இடைவேளைக்கு முந்தைய காயத்துக்கு மட்டும்.

போர்க்காலத்தில் என்ன செய்தார்?

1915இல் நார்தர்ன் யூனியன் கோப்பைப் போட்டிகளையும் ஆட்டக் கூலியையும் நிறுத்தியது. வாக்ஸ்டாஃப் ராணுவத்தின் போக்குவரத்துப் பிரிவில் சேர்ந்தார். லண்டனை ஒட்டிய க்ரோவ் பார்க் முகாமில் கிளார்க், க்ரோனோ, ரோசன்ஃபெல்டு ஆகியோரும் இருந்தார்கள்.

இங்கே ஒரு விசேஷம். நார்தர்ன் யூனியனில் ஆடியவர்களை ரக்பி யூனியன் ஆயுள் முழுக்க ஒதுக்கி வைத்திருந்தது. போர்ச் சமயத்தில் படை அணிகளுக்கு மட்டும் 1916இல் விலக்கு அளித்தது. க்ரோவ் பார்க் அணி 1916-17இல் யூனியன் விதிப்படி, 15 பேர் ஆட்டத்தை ஆடி, ஒரே ஒரு போட்டியில் மட்டும் தோற்றது. போர் முடிந்ததும் விலக்கும் முடிந்தது, தடை திரும்பி வந்தது. யூனியனே தொழில்முறையை ஏற்க 1995 ஆகஸ்ட் வரை ஆயிற்று. ஜார்ஜ் ஹோட்டல் கூட்டத்துக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து.

வாக்ஸ்டாஃப் பின்னர் எகிப்துக்கு அனுப்பப்பட்டார். கிளார்க் போர்முனையில் வீரப் பதக்கம் பெற்றார். அணியின் ஃபார்வர்டு ஃபிரெட் லாங்ஸ்டாஃப் 1916இல் பிரான்சில் உயிரிழந்தார். அந்த அணி முன்பிருந்த உருவில் மறுபடி ஒன்றுசேரவில்லை.

போருக்குப் பின்?

1920இல் மீண்டும் கேப்டனாக ஆஸ்திரேலியா போனார். அங்கே தொடரை 2-1 என்று இழந்தார்கள், நியூசிலாந்தில் மூன்று டெஸ்டையும் வென்றார்கள். 1921-22இல் இங்கிலாந்தில் ஆஸ்திரேலியாவை 2-1 என்று வென்று கணக்குத் தீர்த்த தொடரோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. 1925இல் ஆட்டத்தை விட்டார். பிராட்டன் ரேஞ்சர்ஸ் அணிக்குப் பயிற்சி அளித்தார், மது விடுதி நடத்தினார். ஓய்வு பெற்ற வடக்கத்திய ஆட்டக்காரர்கள் பலருக்கும் விடுதி நடத்துவதே அடுத்த பிழைப்பு. தெரிந்த முகம் கல்லாவில் இருந்தால் கூட்டம் வரும். 1939 ஜூலை 19 அன்று 48 வயதில் இறந்தார்.

1988இல் பிரிட்டிஷ் ரக்பி லீக் புகழ் மன்றம் தொடங்கியபோது முதலில் சேர்த்த ஒன்பது பேரில் அவரும் ஒருவர். ரோசன்ஃபெல்டும் பேட்டனும் அதே பட்டியலில் இருக்கிறார்கள்.

அவருடைய எண்கள்?

ஹடர்ஸ்ஃபீல்டுக்கு 436 போட்டி, 175 ட்ரை, 14 கோல், 553 புள்ளி. பிரிட்டனுக்கு 12 டெஸ்ட். ட்ரை எண்ணிக்கையை ரோசன்ஃபெல்டோடு ஒப்பிட்டுக் குறைத்து மதிப்பிட வேண்டாம். சென்டர் செய்து கொடுத்த ட்ரைகளை யாரும் தனியாக எண்ணி வைக்கவில்லை.

பழைய ஸ்கோர்களைப் படிக்கும்போது எங்கே தவறு வருகிறது?

மிக அதிகமாக வருவது புள்ளிக் கணக்கில். இன்று ட்ரைக்கு 4 புள்ளி. 1983க்கு முன் 3. மேலே சொன்ன 553ஐச் சரிபார்க்க 175ஐ 3ஆல் பெருக்கி (525), 14ஐ 2ஆல் பெருக்கி (28) கூட்டுங்கள். 4ஆல் பெருக்கினால் 728 வரும், பதிவோடு ஒத்துப்போகாது, பதிவே தவறு என்று தோன்றும். சிட்னி டெஸ்டின் 14-6உம் அப்படியே: பிரிட்டனுக்கு 2 ட்ரை, 4 கோல். ஆஸ்திரேலியாவுக்கு 2 ட்ரை மட்டும். இரு அணியும் சமமாகத்தான் ட்ரை போட்டன, வித்தியாசம் ஆல்ஃப் வுட்டின் காலில் இருந்தது.

அடுத்தது பெயர். 1914 அணியை அன்றைய பத்திரிகைகள் 'இங்கிலாந்து' என்றும் 'நார்தர்ன் யூனியன்' என்றும் எழுதின, பின்னாளைய பதிவேடுகள் 'கிரேட் பிரிட்டன்' என்கின்றன. மூன்றும் ஒரே அணிதான். ஆனால் 1909 ஜனவரி 2 அன்று, 17 வயதும் 228 நாளும் ஆனபோது, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக வாக்ஸ்டாஃப் ஆடியது இங்கிலாந்து அணிக்காக. அதை 12 டெஸ்டில் சேர்த்து எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவது, பருவம். அன்று ஆட்டப் பருவம் செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு வசந்தத்தில் முடிந்தது. 1914-15 பருவத்தின் யார்க்ஷயர் கோப்பை இறுதி 1914 நவம்பரில் நடந்தது, சாலஞ்ச் கோப்பை இறுதி 1915 மே 1 அன்று. வெற்றியாளர் பட்டியல் ஒன்றில் '1914' என்றும் மற்றொன்றில் '1915' என்றும் இருந்தால் முதலில் மாதத்தைப் பாருங்கள்.